சர்வே மிஸ் திரும்பி வந்த வீடுகள்

இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிஷனில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. சர்வே மிஸ் ஒரு வீட்டுக்கு ஒரு தடவை வந்தால் அது சர்வே. சில நாளிலேயே மறு தடவையும் வந்தால் அந்த வீட்டில் யாருக்கோ நாள் நெருங்கிவிட்டது. நேரில் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். ஆனால் அந்த நாட்களில், தேயிலைச் சரிவில் அவருடைய கறுப்புக் குடை தெரிந்ததும் குழாயடியில் பேச்சு நின்றுபோகும். குடை எந்த வாசலில் மடங்குகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தப் பேச்சு பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். சர்வே மிஸ்ஸை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. ஒரு வீட்டுக்குள் கேட்டதை வெளியே சொன்னாலும், அது யாருடையது என்று சொல்லக்கூடாது என்பது அவருடைய தொழில் ஒழுக்கம். அவர் விஷயத்தில் மட்டும் அதை மீறினால் எனக்குத் தூக்கம் வராது.

அக்காவின் தொழில் சர்வே எடுப்பது. அப்படி ஒரு தொழிலா என்று கேட்காதீர்கள், மலையில் உண்டு. கக்கூஸ் இருக்கிறதா என்று ஒரு சர்வே, கர்ப்பிணிகளுக்கு ரத்தம் போதுமா என்று ஒரு சர்வே, ஆம்பிளைகள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று ஒரு சர்வே, கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் காசு அனுப்புகிறார்களா என்று இன்னொன்று. கக்கூஸைப் பற்றிக் கேட்ட அளவுக்குக் கட்டியும் இருந்தால் வீட்டுக்கு ஒன்றல்ல, ஆளுக்கு ஒன்று கிடைத்திருக்கும். எந்த நிறுவனம் மலையேறி வந்தாலும் ஹட்டனில் இறங்கியதும் விசாரிப்பது அக்காவைத்தான். டிக்கோயாவில் தங்கச்சி வீட்டின் பின்னறையில் இருந்தார். புருஷன் என்று ஒருவர் இருந்து, பிறகு இல்லாமல் போயிருந்தார். அதைப் பற்றி மட்டும் யாரும் சர்வே எடுக்கவில்லை.

ஒல்லியான ஆள். சேலைக்கு மேலே ஆம்பிளைகள் போடுகிற சுவெட்டர், காலில் கன்வஸ் சப்பாத்து, அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரம் தேய்த்த காலுறை. ஏற்றத்தில் அவரோடு நடக்க முடியாது. நான் பாதி வழியில் நின்று இயற்கையை ரசிப்பதுபோல் பாவனை செய்வேன். “ரசிச்சது போதும், மூச்சு வந்திருச்சா?” என்று மேலேயிருந்து கேட்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்குள் போகும்போது பையை வாசல்படியிலேயே வைத்துவிடுவார். பேனை, கடதாசி, ஃபோன் எல்லாம் பைக்குள். வெறுங்கையோடு போய் உட்காருவார். கொடுக்கிற பிளேன்டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். முக்கால் மணி நேரம் கேட்டாலும் ஒரு எழுத்து எழுதமாட்டார். வெளியே வந்து, லயத்து வீட்டு வரிசைக்குக் கண்மறைவாக ரோட்டோர மதகில் உட்கார்ந்துதான் எழுதுவார்.

“எழுதுற கையக் கண்டா சனம் கைக்குத்தான் பதில் சொல்லும் தம்பி. மொகத்துக்குச் சொல்லாது.”

இன்னொன்றும் சொல்வார். “சொல்லி முடிச்ச பெறகுதான் சொல்லவே ஆரம்பிப்பாங்க.” அதை நான் கண்ணால் பார்த்தேன். கொழுந்து பறிக்கிற ஒரு பெண் எல்லாக் கேள்விக்கும் “ஒண்ணுமில்லைங்க” என்று சொல்லி முடித்தாள். வழியனுப்பக் குழாயடி வரைக்கும் வந்தவள், அங்கே நின்று சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: “ருசி தெரிய மாட்டேங்குது மிஸ். உப்ப ரெண்டு தரம் போட்டுர்றேன். மாமியா நான் வேணும்னே செய்றதா நெனைக்கிறாங்க.” அக்கா சிரிக்கவில்லை. உள்ளே போய் மாமியாரோடு இன்னொரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தார். என்ன பேசினாரோ தெரியாது, அந்த வீட்டில் அதற்குப் பிறகு மாமியார்தான் உப்புப் போட்டாளாம்.

மதகில் உட்கார்ந்ததும் கேட்டதெல்லாம் அப்படியே வரும். இன்னார் இருமிவிட்டுச் சொன்னது, இன்னார் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டது, எல்லாம் அவரவர் குரலிலேயே வரும். “நீங்க ஒரு டேப் ரெக்கோடர்க்கா” என்றேன் ஒரு நாள். அவருக்கு அது பிடித்திருந்தது. “எனக்கு வேற என்ன இருக்கு? வீடா, வாசலா? கேட்டது மனசுல நிக்கும். அத நம்பித்தான் ஒவ்வொருத்தனும் கூப்புடுறான். இது போனா நான் போயிட்டேன்னு அர்த்தம்” என்றார். சொல்லிவிட்டுச் சவர்க்காரக் காலுறையை இழுத்துவிட்டு எழுந்து நடந்தார்.

நான் அவரோடு சேர்ந்தது கொரோனாவுக்குப் பிறகு. ஹட்டனில் எனக்கு ஒரு ஃபோட்டோகொப்பிக் கடை. ஊரடங்கில் பூட்டியது, திறந்த பிறகு பேப்பர் விலை எகிறியது. சும்மா உட்கார்ந்து ஈயோட்டுவதைவிடச் சர்வேக்குப் போகலாம் என்று போனேன். கண்டியிலிருந்து ஒரு டொக்டர் வந்திருந்தார். சிங்களவர். தமிழ் மெல்ல மெல்லப் பேசுவார், ஆனால் மரியாதையாகப் பேசுவார். கொரோனா வந்து சுகமான பெரியவர்களுக்குக் காலம் போன பிறகும் உடம்பில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கிற ஆய்வு அது. மூச்சு, களைப்பு, நெஞ்சுப் படபடப்பு, நித்திரை, மணம், ருசி, மறதி. ஒரு சுற்றுக் கேட்பது, சில மாதம் விட்டு மறுபடி ஒரு சுற்றுக் கேட்பது. கீழ் டிவிஷன் எனக்கு, மேல் டிவிஷன் அக்காவுக்கு. பதிலைப் பதிய ஆளுக்கொரு டெப், சிலேட்டு மாதிரியான கையடக்கக் கம்ப்யூட்டர், கொடுத்தார்கள். ஒரே சுற்றுக்குள் ஒரு வீட்டின் எண்ணை மறுபடி போட்டுப் பதிலைப் பதிந்தால் பழைய பதிலின் மேல் புதியது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டுக்குள்ளேயே டெப்பில் பதியவேண்டும் என்று டொக்டர் சொன்னார். அக்கா தலையாட்டினார். தலையாட்டிவிட்டுத் தன் வழக்கப்படியே பையை வாசல்படியில் வைத்தார்.

எங்கள் இருவருக்கும் கொரோனா வந்து போனதுதான். எனக்கு ஏழு நாள், ஒரு முழுக் கிழமைக் காய்ச்சல். அக்காவுக்கு அதுவும் இல்லை, இரண்டு நாள் உடம்பு வலி, கொத்தமல்லித் தண்ணியோடு போனது. உங்களையும் ஆய்வில் சேர்க்கலாமே என்று டொக்டர் கேட்டபோது அக்கா மறுத்துவிட்டார். “கேக்குறவங்க கணக்குல வரக்கூடாது சேர்.”

முதல் சுற்று ஒழுங்காக முடிந்தது. இரண்டாம் சுற்றில்தான் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள். குடையை பஸ்ஸில் விட்டார். யார்தான் விடவில்லை. நான் கூடவே நின்று பார்த்த அந்த மாமியார்-உப்புக் கதையை அக்கா எனக்கே சொன்னார், நானும் கேட்டுச் சிரித்துவைத்தேன். ஒரு நாள் பின்னேரம் மேல் டிவிஷன் மதகுப் பக்கம் போனேன். அக்கா மடியில் டெப்போடு உட்கார்ந்திருந்தார். டெப் அணைந்திருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது, சுவெட்டர் தோளில் நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, “மழ வருமா தம்பி?” என்று கேட்டார். பகடி விடுகிறார் என்று நினைத்து நானும் ஏதோ பகடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தார், பிறகு தன் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த மாதக் கடைசியில் டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். முகம் சரியாக இல்லை. கீழ் டிவிஷனில் ஆட்கள் மெதுவாகத் தேறுகிறார்கள், மேல் டிவிஷனில் எல்லோருக்கும் மோசமாகிறது என்றார். போன சுற்றில் ஏற்றத்தில் மூச்சு வாங்கியவர் இந்தச் சுற்றில் கட்டிலிலிருந்து எழும்ப முடியாமல் இருக்கிறார். ஒரே தோட்டம், ஒரே தண்ணீர், ஒரே வேலை. அங்கே மட்டும் என்ன நடக்கிறது என்று அக்காவைக் கேட்டார்.

“வீட்டுக்கு வீடு மோசமாகுது சேர்” என்றார் அக்கா. “நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அன்றைக்கு பஸ்ஸுக்கு அக்காவோடு நின்றேன். மேல் டிவிஷன் சனங்களுக்காக ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவதாகச் சொன்னார். “நம்ம கண்ணு முன்னாலேயே போறாங்க தம்பி. ஒண்ணும் செய்ய முடியல.” என்னமோ ஒன்று அந்த மலைச்சரிவில் இருக்கிறது, நாங்கள் கேட்கிற கேள்விகளுக்குள் அது அகப்படவில்லை என்று நானும் நம்பினேன்.

அக்காவோடு போய் நீங்களும் ஒரு பார்வை பாருங்கள் என்று டொக்டர் என்னை அனுப்பினார். மறுநாள் காலையில் மேல் டிவிஷனுக்கு ஏறினோம். பனி இன்னும் விலகவில்லை. லயத்துக்குக் கிட்டப் போனதும் குழாயடியில் நின்ற பெண்கள் வாளிகளை வைத்துவிட்டு எங்களையே பார்த்தார்கள். யாரும் “வாங்க மிஸ்” என்று முந்திக்கொண்டு கூப்பிடவில்லை. அக்கா செல்வராஜின் வீட்டு வாசலில் குடையை மடக்கியதும், மற்றவர்கள் மூச்சு விட்டார்கள். மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

செல்வராஜ் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அக்காவைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருக்கலாம். முதல் சுற்றில் ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று சொன்னவர் அவர்தான். அக்கா பையை வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் படியேறுவதற்குள் செல்வராஜின் மனைவி பாக்கியம் என் சட்டைக் கையைப் பிடித்து லயத்து மூலைக்கு இழுத்தாள்.

“தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்கு என்ன வருத்தம்? மிஸ் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க.”

“மிஸ் என்னத்தச் சொல்லணும்?”

“இந்தத் தடவ மொத வந்தாங்க, கேட்டாங்க, போனாங்க. சரி. அடுத்த கெழம மறுபடி வந்து அதையே கேட்டாங்க. இப்பத்தானே வந்து கேட்டீங்கன்னு மொகத்துக்கு நேரா சொல்ல முடியுங்களா? வீடு தேடி வந்தவங்கள வெரட்டுற மாதிரி ஆகிராதா? தேத்தண்ணி ஊத்திக் குடுத்தோம். மொத சொன்னது பத்தல போலன்னு இவரு கொஞ்சம் கூட்டிச் சொன்னாரு.”

எனக்கு அது உடனே விளங்கியது. மலையில் வளர்ந்த யாருக்கும் விளங்கும். வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் எடுக்க வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. கூரை ஒழுகுது என்று சொன்னவனுக்கு வீடு வரவில்லை. மறுபடி கேட்டபோது கூரையே இல்லை என்றவனுக்கு வந்தது. அதே கேள்வி திரும்பி வந்தால் போன பதில் பாஸாகவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்துச் சொல்லவேண்டும்.

“அப்பறமும் வந்தாங்க” என்றாள் பாக்கியம். “அப்பத்தான் எங்களுக்குப் பயம் புடிச்சிச்சு. சும்மா ஒருத்தவங்க இத்தன தரம் வருவாங்களா? இவருக்குள்ள என்னமோ இருக்கு, மிஸ்ஸுக்கு அது தெரியும், சொல்ல மனசு வரல. எங்களப் போலவே இந்த லயத்துல மட்டும் நாலஞ்சு வீடு தம்பி. மிஸ் வந்து போனா அந்த வீட்டுல அடுப்பு எரியாது. இவரு வேலைக்குப் போறதில்ல, படுத்த எடம்தான். கண்ண மூடுறதுக்குள்ள மகள ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்னு மாப்பிள்ள பாக்கச் சொல்றாரு. புள்ளைக்கு இன்னும் படிப்பு முடியல.”

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. அதே கனிவு, அதே நிதானம். முதல் நாள் வந்தவர் கேட்பதைப்போல, உங்கள் பெயர் என்ன, வீட்டில் எத்தனை பேர் என்று தொடங்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே போனேன். செல்வராஜ் சுவரில் சாய்ந்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சிழுத்தார். நடிப்பில்லை. பயம் ஒரு மனுஷனின் மூச்சை எவ்வளவு பிடிக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா பிளேன்டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீரோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேசிக்கிட்டு இருக்கையில சொல்ல வந்தது மறந்து போகுதாண்ணே? ஒரே வேலைய ரெண்டு தரம் செய்யிற மாதிரி ஏதும்…”

பாக்கியத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “மிஸ், கோவிச்சுக்காதீங்க. எத்தன நாள்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. நாங்க மனசத் தேத்திக்கிறோம்.”

அக்காவுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். யாராவது சொல்லத்தான் வேண்டும், அங்கே இருந்தது நான்தான்.

“அக்கா, நீங்க இந்த வீட்டுக்குப் போன கெழமயும் வந்தீங்க. அதுக்கு முந்தின கெழமயும் வந்திருக்கீங்க.”

அவர் மறுத்துப் பேசவில்லை. கேட்பதையே தொழிலாகக் கொண்டவர் அல்லவா, ஒரு தடவை சொன்னதும் முழுவதும் கேட்டுவிட்டது. செல்வராஜின் முகத்தைப் பார்த்தார், பாக்கியத்தைப் பார்த்தார், கோப்பையைக் கீழே வைத்தார். மேல் டிவிஷன் ஏன் மோசமாகிறது என்ற கேள்விக்கு விடை அந்த நிமிஷத்தில் அவருக்குக் கிடைத்துவிட்டது. என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேசாமல் எழும்பி வந்திருக்கலாம். சர்வேயில் ஏதோ பிழை, மறுபடி கேட்கச் சொன்னார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானே அந்தப் பொய்யைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அண்ணே, நல்லாக் கேளுங்க. ஒங்களுக்கு ஒண்ணும் கூடல. எனக்குத்தான் வருத்தம். வந்தத மறந்துட்டு மறந்துட்டு வந்திருக்கேன். மறதி எனக்கு. பயப்படாதீங்க.”

செல்வராஜ் கும்பிட்டார். “சரிங்க மிஸ்” என்றார். பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் படியிறங்கும்போது உள்ளே அவர் மனைவியிடம் சொல்வது எனக்குக் கேட்டது. “தங்கமான மனசு புள்ள. நமக்குத் தைரியம் சொல்றதுக்காகத் தன் மேலேயே பழியப் போட்டுக்கிறாங்க பாரு. அப்பன்னா நாளு கிட்ட வந்திருச்சு.”

அக்காவுக்கும் கேட்டிருக்கும். வேகமாக நடந்தார். மதகைத் தாண்டி, ரோடு வளைகிற இடத்தில் நின்றார்.

“எத்தன வீடு தம்பி?”

“தெரியலக்கா. அந்த லயத்துல மட்டும் நாலஞ்சுன்னு அந்தம்மா சொன்னாங்க.”

“எல்லாரும் இப்பிடித்தான் படுத்துக் கெடக்காங்களா?”

அவர் குடையை ஊன்றிக்கொண்டு சரிவைப் பார்த்தார்.

“அப்ப வீடு வீடாப் போய்ச் சொல்லணும்.”

“அக்கா, வாயால நீங்களே சொன்னீங்கன்னா மலை முழுக்கப் பரவிரும். பெறகு ஒருத்தனும் ஒங்கள வேலைக்குக் கூப்பிட மாட்டான்.”

“அது எனக்குத் தெரியாதா?” என்றார். நடுரோட்டில் நின்று அழுதார். பக்கத்தில் நின்ற எனக்கு அவருடைய பையை வாங்கிப் பிடித்துக்கொள்வதைத் தவிர ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

டொக்டரிடமும் அவரேதான் சொன்னார். டொக்டர் கோபப்படவில்லை. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். இது கொரோனா விட்டுப்போனதா, இல்லை வேறு ஏதாவதா என்று நான் கேட்டேன். இப்போதைக்குச் சொல்ல முடியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தானே இந்த ஆய்வு என்றார். சொன்னவர் தன் சொல் தனக்கே கேட்டதுபோல் நிறுத்திக்கொண்டார். மேல் டிவிஷனை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். உண்மையிலேயே மூச்சுத் திணறுகிறவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களும் அதோடு சேர்ந்து கணக்கிலிருந்து கழிந்துபோனார்கள். அவர்களை மறுபடி போய்க் கேட்க ஆளில்லை. போனாலும் எந்த வாசலும் திறந்திருக்காது.

நான் கடையை மறுபடி திறந்தேன். சில கிழமை கழித்து மகளின் சான்றிதழைக் கொப்பி எடுக்க பாக்கியம் வந்தாள். வீட்டுக்காரர் எப்படி என்று கேட்டேன். வேலைக்குப் போகிறார் என்றாள். சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“மிஸ் அன்னைக்கு அப்பிடிச் சொன்னாங்களே, நாங்க நம்பல. பெறகு ரெண்டு நா கழிச்சு மறுபடி வந்தாங்க. அதே எடத்துல ஒக்காந்து, அண்ணே நல்லாக் கேளுங்க, ஒங்களுக்கு ஒண்ணும் கூடல, எனக்குத்தான் வருத்தம்னாங்க. எங்களுக்கு இன்னும் பயம் கூடிப்போச்சு. ஒண்ணுமில்லன்னு சொல்ல ஒருத்தவங்க ரெண்டு தரம் மலை ஏறுவாங்களான்னு இவரு அன்னைக்குச் சோறு திங்கல.”

“அப்பறம்?”

“அந்தக் கெழமயே மறுபடி வந்தாங்க தம்பி. அதே பேச்சு, ஒரு சொல் மாறல. அதே எடத்துல கண்ணுல தண்ணி வருது, அதே எடத்துல கோப்பைய வைக்கிறாங்க. மொத மொதல்ல சொல்றவங்க எப்பிடிக் கூச்சப்பட்டுச் சொல்லுவாங்களோ அப்பிடியே சொல்றாங்க. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சிச்சு, ஐயோ, இந்தப் புள்ள பொய் சொல்லலன்னு. இவரு என்னப் பாத்தாரு. நான் இவரப் பாத்தேன். மறுநா காலையில கவ்வாத்துக் கத்திய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.”

“இப்பவும் வாறாங்களா?”

“வாறாங்க. தேத்தண்ணி ஊத்திக் குடுப்போம். சொல்லுவாங்க. அப்பிடிங்களா மிஸ், எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்களேன்னு சொல்லுவோம். அவங்களுக்கு நெஞ்சு எறங்கின மாதிரி இருக்கும். போயிருவாங்க.”

எல்லா வீட்டிலும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. கடைசி லயத்தில் ஒரு பெரியவர் மூச்சுத் திணறியே போய்ச் சேர்ந்தார். வியாதியா, வயதா, பயமா என்று யாருக்கும் தெரியாது. அவர் வீட்டுக்கு மிஸ் பல தடவை போயிருந்தார். சனங்களுக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பேச்சுக்கு அன்றைக்குக் கால் முளைத்தது. அதன் பிறகு மேல் டிவிஷனில் அவரைக் கண்டால் சிலர் கதவைச் சாத்தினார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் அது முதல் தடவை என்று நினைத்து, சாத்திய கதவுக்கு முன்னால் குடையோடு திகைத்து நின்றதாகச் சொன்னார்கள். அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை, பார்க்கக் கிடைக்காததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

கினிகத்தேனையில் இருக்கிற அக்காவின் கூடப்பிறந்த தம்பி வந்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப்போவதாகப் பேச்சு அடிபட்ட சமயம், ஒரு நாள் பின்னேரம் அக்கா என் கடைக்கு வந்தார். சேலை சுத்தமாக இருந்தது. பையைக் கடைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார். கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

“தம்பி, ஒங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இன்னும் யார்கிட்டயும் சொல்லல. மொத மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்றேன்.”

மெஷினை நிறுத்தினேன். “சொல்லுங்கக்கா.”

சொன்னார். தன் மறதியைப் பற்றி வெட்கப்பட்டு, விட்டு விட்டுச் சொன்னார். நான் எல்லாவற்றையும் கேட்டேன். “அப்பிடியாக்கா, எனக்குத் தெரியவே தெரியாதே” என்றேன். என் குரல் நம்பும்படி இருந்திருக்க வேண்டும். அவர் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அவரை நான் கண்டது அதுதான் கடைசி.

கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது, அக்கா இதற்கு முன்னும் இதைச் சொல்ல என் கடைக்கு வந்திருக்கிறாரா என்று யோசித்தேன். வந்ததுபோலவும் இருந்தது, வராததுபோலவும் இருந்தது. எவ்வளவு முயன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கேட்டேன், சர்வே அக்கா கடைக்கு வந்ததாக உன்னிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்று.

என் மனைவி எதற்கும் எரிந்து விழுகிறவள். ஒன்றை இரண்டு தடவை கேட்டால் காது செவிடா என்பாள். அன்றைக்கு அவள் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தேத்தண்ணியை என் முன்னால் நகர்த்தினாள். “சொல்லலியேங்க. எப்ப வந்தாங்க? சொல்லுங்க” என்று, முதல் தடவை கேட்கிறவளைப்போல, மிகப் பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பொறுமையைக் கண்டுதான் எனக்குப் பயம் வந்தது.